ஒரு கோப்பை டீயை எழுத்தில் இறக்குவது எப்படி

என் முதல் தேநீர்க் குறிப்பு இது: "நல்ல டீ. மணம் அருமை. லேசான கசப்பு. மறுபடி வாங்க வேண்டும்." எந்த டீ, எங்கே விளைந்தது, எவ்வளவு இலை போட்டேன், ஒன்றும் இல்லை. மறுபடி வாங்கச் சொல்லி எனக்கே உத்தரவு போட்டுவிட்டு, எதை வாங்குவது என்று எழுத மறந்திருக்கிறேன். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் கோப்பை வைத்த வட்டக் கறை ஒன்று இருக்கிறது. அந்த டீயைப் பற்றி இன்று எனக்கு மிச்சம் இருக்கும் ஒரே தகவல் அந்தக் கறையின் நிறம்தான்.

அதன் பிறகு 11 நோட்டுகள் நிரப்பிவிட்டேன். டீயைப் பற்றி எழுத ஆசை, எங்கே தொடங்குவது என்று யாராவது கேட்டால் அந்தக் கறைப் பக்கத்தைத்தான் முதலில் காட்டுவேன். வாசிப்பவர் அதே இலையை எடுத்து, நீங்கள் சொன்ன மாதிரியே போட்டு, ஒரு வாய் குடித்துவிட்டு "ஆமாம்" என்றோ "இல்லையே" என்றோ சொல்ல முடிய வேண்டும். என் எழுத்துக்கு நான் வைத்திருக்கும் சோதனை இவ்வளவுதான். இதில் தேறாத குறிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அடித்துவிடுகிறேன்.

பேனாவுக்கு முன்னால் தராசு

முதலில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள், 0.1 கிராம் வரை காட்டுகிற மாதிரி. "ஒரு ஸ்பூன்" என்று எழுதுவதை அன்றோடு விட்டுவிடலாம். பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட ஊலாங் வகையில், உருண்டையாகச் சுருட்டிய இலையை என் ஸ்பூனில் குவித்து நிறுத்தபோது 4 கிராமுக்குப் பக்கத்தில் வந்தது. பஞ்சு மாதிரி இருக்கும் வெள்ளைத் தேநீர் இலை அதே ஸ்பூனில் 1 கிராமைக்கூட எட்டவில்லை. ஒரே ஸ்பூன், நான்கு மடங்கு வித்தியாசம். என்னுடைய பழைய நோட்டில் "இந்த வெள்ளைத் தேநீர் சப்பென்று இருக்கிறது" என்று எழுதியவை எல்லாம் பாவம், இலையின் குற்றம் இல்லை.

அளவுக்கு ஒரு தொடக்கப் புள்ளி வேண்டுமென்றால், உலக அளவில் ஒப்புக்கொண்ட ஒன்று இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 3103 என்ற தர நிர்ணயம் 1980-இல் வந்தது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, கொதிக்கும் நீர், 6 நிமிடம். இதற்கு முன்னோடியான பிரிட்டிஷ் தரம் பி.எஸ். 6008-க்கு 1999-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்து, பிறகு சிந்திக்க வைக்கும் வேலைகளுக்குக் கொடுக்கும் பரிசு அது. எந்தப் பிரிவில் கொடுத்தார்கள் தெரியுமா? இலக்கியத்தில்! டீ போடும் முறையை விளக்கும் ஆறு பக்க ஆவணத்துக்கு இலக்கியப் பரிசு. கேலிக்குத்தான் கொடுத்தார்கள். எனக்கு அது கேலியாகப் படவில்லை. ஒரு கோப்பையை யார் வேண்டுமானாலும் திரும்பப் போட்டுப் பார்க்கும்படி எழுதியிருக்கிறார்கள். என் முதல் பத்து வருடக் குறிப்புகளில் பாதிக்கு அந்தத் தகுதி கிடையாது.

ஆனால் ஒன்று: அந்த 6 நிமிட முறை ருசித்துக் குடிப்பதற்கு அல்ல, இரண்டு டீயை ஒப்பிடுவதற்கு. குறை தெரியட்டும் என்றே கடுமையாக வடிக்கிறார்கள். பச்சைத் தேநீரை அப்படிப் போட்டால் வாயில் வைக்க முடியாது. அதற்கு 70 முதல் 80 டிகிரி போதும். ஜப்பானின் கியோகுரோ என்ற பச்சைத் தேநீர் 50, 60 டிகிரியிலேயே இறங்கிவிடும். சூடு ஏற ஏற கசப்பும் துவர்ப்பும் தரும் பொருள்கள் இலையிலிருந்து அதிகமாக இறங்கும். தியனைன் என்ற அமினோ அமிலம் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். இனிப்புக்கும் சாறு குடித்த மாதிரியான நிறைவுக்கும் பெரிய பங்கு அதற்கு உண்டு. ஊலாங் வகைகளுக்கு 90 ஒட்டி வைக்கிறேன். காற்றுப் பட்டு முழுதாகப் பழுத்த சிவந்த டீக்கு, அதாவது கறுப்புத் தேயிலைக்கு, கொதிநீர்தான். சி.டி.சி. குருணை என்றால் நிமிடத்தைக் குறையுங்கள். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டியிருப்பதால் சட்டென்று இறங்கிவிடும்.

வெப்பமானி இல்லையா? எட்டாம் நூற்றாண்டில் தேநீர் பற்றி முதல் நூல் எழுதிய சீனர் லூ யூவிடமும் இல்லை. தண்ணீர் கொதிப்பதை அவர் கண்ணால் மூன்றாகப் பிரித்தார்: முதலில் மீன் கண் போன்ற குமிழிகள், அடுத்து ஓரங்களில் முத்துக் கோத்த மாதிரி, கடைசியில் அலை புரள்வது. பத்து முறை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றால் உங்களுக்கும் பிடிபட்டுவிடும். அப்படியானால் நோட்டில் "மீன் கண் நிலையில் இறக்கினேன்" என்றே எழுதலாம், வாசிப்பவருக்குப் புரியும். தண்ணீரையும் அவர் தரம் பிரித்தார். மலை நீர் முதல், ஆற்று நீர் இரண்டாவது, கிணற்று நீர் கடைசி. நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம். உப்புத் தண்ணீரா, வடிகட்டியதா, பாட்டிலா என்று ஒரு சொல் எழுதினால் போதும். கடினநீரில் போட்டால் மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம் கட்டும், மணமும் மங்கும். அதை அறியாமல் இலையைத் திட்டி எழுதிவிடுவோம்.

மூக்கைப் பிடித்துக் குடியுங்கள்

இதை நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி அலுக்க வைத்திருக்கிறேன். முதல் வாயை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடியுங்கள். நாக்குக்கு மட்டும் தெரிவது அப்போது தனியாக நிற்கும்: கசப்பு, துவர்ப்பு, கொஞ்சம் இனிப்பு, எப்போதாவது லேசான புளிப்பு. அதை எழுதுங்கள். விழுங்கியதும் விரலை எடுங்கள். பூவோ, தேனோ, புல்லோ, புகையோ, எல்லாம் அந்த நொடியில் ஒரேயடியாக வந்து இறங்கும். அதை அடுத்த வரியில் எழுதுங்கள். "சுவை" என்று நாம் சேர்த்துக் கட்டும் மூட்டையில் பெரும்பகுதி மூக்கின் சரக்கு. இரண்டையும் பிரித்து எழுதப் பழகிய நாளிலிருந்துதான் என் குறிப்புகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பது நின்றது.

மற்றதெல்லாம் வரிசைப்படி தானாக வரும். காய்ந்த இலையை முகர்வது, வடித்ததும் சட்டியில் கிடக்கும் ஈர இலையை முகர்வது, அப்புறம் நிறம். கோப்பை உள்ளே வெள்ளையாக இருக்கட்டும். பூப்போட்ட கோப்பையில் நிறம் பார்க்க முடியாது. குடிக்கும்போது காற்றோடு சேர்த்து உறிஞ்சுங்கள். சத்தம் வரும், வரட்டும். தொழில்முறைச் சுவைஞர்கள் போடுவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அன்றைக்குச் சென்ட், வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம்.

பாதிக் கோப்பையை ஆறவிடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. ஆறிய டீ பொய் சொல்லாது. சூட்டில் மறைந்திருந்த குறை எல்லாம் வெளியே வரும். நல்ல கெட்டியான சிவந்த டீ ஆறும்போது பால் ஊற்றாமலேயே கலங்கும். முதல் தடவை அதைப் பார்த்து இலை கெட்டுவிட்டது என்று எழுதி வைத்தேன். உண்மையில் காஃபினும் தியாஃப்ளேவின் போன்ற பொருள்களும் சேர்ந்து திரள்வதுதான் அது. சுவைஞர்கள் அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்வார்கள்.

கோப்பை காலியான பிறகு எழுத உட்கார வேண்டாம். ஒரு வாய், ஒரு வரி. கையெழுத்து கோணலாக இருக்கட்டும்.

சொல் எங்கிருந்து வருகிறது

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். எனக்குக் கிடைத்த பெரிய அடியும் இங்கேதான்.

டார்ஜிலிங்கில் மே, ஜூன் மாதங்களில் பறிக்கும் இரண்டாம் பருவக் கொழுந்துக்கு "மஸ்கட்டல்" மணம், அதாவது மஸ்கட் திராட்சையின் மணம், உண்டு என்பார்கள். நானும் ஒரு முறை அந்த டீயைக் குடித்துவிட்டு, "மஸ்கட்டல் மணம் மென்மையாகக் கமழ்கிறது" என்று எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். அக்கா படித்துவிட்டு, "ஏண்டி, இது நீ குடிச்சு எழுதினதா, பாக்கெட்டைப் பார்த்து எழுதினதா?" என்று கேட்டாள். மஸ்கட் திராட்சையை நான் அதுவரை முகர்ந்ததே இல்லை. அக்காவுக்கு அது தெரியும்.

அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். நான் என் மூக்கால் முகராத எதையும் உவமையாகச் சொல்வதில்லை. அந்த டீயை மறுபடி போட்டுக் குடித்து எழுதினேன்: "உலர்ந்த திராட்சை டப்பாவைத் திறந்ததும் வரும் வாசனை, பின்னால் மரத்தூள்." அழகு குறைவுதான். ஆனால் அக்கா அதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் இலை அனுப்பச் சொன்னாள்.

அந்த மணம் எப்படி வருகிறது என்று தேடிப் போனது அந்த அவமானத்தால் கிடைத்த லாபம். இலையைச் சின்னத் தத்துப்பூச்சிகள் கடித்துச் சாறு உறிஞ்சுகின்றன. செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில மணப்பொருள்களைச் சுரக்கிறது. தைவானில் "ஓரியண்டல் பியூட்டி" என்ற ஊலாங் இதையே நம்பி இருக்கிறது. பூச்சி கடிக்க வேண்டும் என்பதால் அந்தத் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்க முடியாது. இப்படி ஒரு காரணத்தைச் சொன்னால், "தேன் மணம்" என்ற தேய்ந்த சொல்கூட வாசிப்பவர் மனதில் ஒட்டிக்கொள்ளும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. துவர்ப்பு. டீ குடித்ததும் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்கிறதே, அதற்கு நம்மிடம் தனிச் சொல் இருக்கிறது, அதுவும் அறுசுவையில் ஒன்றாக. அதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கசப்பு என்று எழுதுகிறோம். என் முதல் குறிப்பில் இருக்கும் "லேசான கசப்பு" பெரும்பாலும் துவர்ப்பாகத்தான் இருந்திருக்கும். சந்தேகம் இருந்தால் இப்படிச் சோதியுங்கள்: கசப்பு நாக்கில் வந்து போகும் ஒரு சுவை, துவர்ப்பு விழுங்கிய பிறகும் வாயை வறள வைக்கும், நாக்கை மேலண்ணத்தில் தேய்த்தால் சொரசொரவென்று இருக்கும். ஒரே இலையை 2 நிமிடம், 4 நிமிடம், 8 நிமிடம் என்று மூன்று கோப்பை வடித்து அடுத்தடுத்துக் குடியுங்கள். துவர்ப்புக்கு உங்களுடைய சொந்த அளவுகோல் ஒரே மாலையில் கிடைத்துவிடும். அன்று இரவு தூக்கம் வராது, அதற்கு நான் பொறுப்பில்லை.

சுவைஞர்களின் தொழில் சொற்களை எடுத்தாளலாமா? அர்த்தம் தெரிந்தால் எடுக்கலாம். "பிரிஸ்க்" என்பார்கள், டீ வாயில் துள்ளுகிறது, படுத்துக் கிடக்கவில்லை என்று பொருள். அசாம் டீயை "மால்ட்டி" என்பார்கள். முளைகட்டிய தானியத்தை வறுத்த வாசனை என்று எழுதினால் அந்தச் சொல்லைக் கேள்விப்படாதவருக்கும் மூக்கில் ஏறும். நான் இரண்டாவது வழியைத்தான் விரும்புகிறேன்.

மூக்கும் ஏமாறும் என்பதற்கு ஒரு கதை. ஒரு முறை பச்சைத் தேநீர் ஒன்றில் "வியப்பூட்டும் மசாலாச் சாயல், காரமான முடிவு" என்று இரண்டு பக்கம் உருகி எழுதினேன். ஒரு வாரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது, அந்த டப்பாவில் முன்பு கிராம்பு வைத்திருந்தேன். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். மல்லிகைத் தேநீரைத் தயாரிப்பதே அந்தக் குணத்தை வைத்துத்தான். இலையையும் மலரும் பூவையும் ஓர் இரவு சேர்த்து வைத்து, பூவை மாற்றி மாற்றிப் பல முறை செய்வார்கள். நான் செய்தது கிராம்புத் தேநீர். அந்த இரண்டு பக்கத்தைக் கிழிக்கவில்லை, மேலே "டப்பா" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு குறிப்பிலும் பாக்கெட் பிரித்த தேதியும் எதில் வைத்திருந்தேன் என்பதும் உண்டு.

தகவலில் வழுக்கும் இடங்கள்

இலையின் ஊர், பருவம், ஆண்டு, தரம் நான்கும் பாக்கெட்டில் இருந்தால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தரப்பெயரை மட்டும் ருசி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "ஆரஞ்ச் பீக்கோ" என்பதில் ஆரஞ்சுப் பழம் கிடையாது. இலையின் அளவையும் தோற்றத்தையும் சொல்லும் பெயர் அது. நீண்டுகொண்டே போகும் எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி. வகையறாவும் அப்படித்தான்.

வெள்ளை, பச்சை, ஊலாங், கறுப்பு எல்லாம் கமெலியா சினென்சிஸ் என்ற ஒரே செடி. பறித்த பிறகு வாட்டுவது, உருட்டுவது, காற்றில் பழுக்க விடுவது, சூட்டில் நிறுத்துவது, இந்தச் செய்முறைதான் வகையைத் தீர்மானிக்கிறது. இதை மாற்றி "பச்சைத் தேயிலைச் செடி" என்று எழுதினால் விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே இறங்கிக்கொள்வார். சாமந்திப் பூவையும் புதினாவையும் கொதிக்க வைத்தால் அது நல்ல பானமாக இருக்கலாம், தேயிலை அதில் இல்லை.

தமிழில் எழுதும்போது இன்னொரு குழப்பம் உண்டு. "பிளாக் டீ" என்று நான் எழுதினால் பாதிப் பேர் பால் ஊற்றாத டீ என்று படிக்கிறார்கள். சீனர்களோ அதே வகையைச் சிவப்புத் தேநீர் என்கிறார்கள். நான் "பால் சேர்க்காமல் குடித்தேன்" என்பதைத் தனி வாக்கியமாகவே எழுதிவிடுகிறேன்.

சீனப் பேரரசர் ஷென்நொங் கொதிக்க வைத்த தண்ணீரில் இலை பறந்து வந்து விழுந்தது, ஆண்டு பொ.ஆ.மு. 2737 என்று ஒரு கதை உலவும். அழகான புராணம். புராணம் என்றே சொல்லி எழுதுங்கள். உடல் எடை குறையும், நோய் தீரும் என்ற வரிகள் வேண்டவே வேண்டாம். அவற்றை வைத்தியர்களுக்கு விட்டுவிடுவோம்.

கட்டுரையாக்கும்போது

முதல் வரியில் மழை, ஜன்னல், கையில் ஆவி பறக்கும் கோப்பை, இந்த மூன்றில் எதுவும் வரக்கூடாது. எனக்கும் மழை பிடிக்கும். ஆனால் ஒரே ஜன்னலை எத்தனை பேர்தான் திறப்பது? அந்த டீயில் உங்களைத் திடுக்கிட வைத்த ஒன்று இருக்குமே, அதிலிருந்து தொடங்குங்கள். ஆறியபோது கலங்கியதாக இருக்கலாம், மூன்றாவது தடவை ஊற்றிய தண்ணீரில் திடீரென்று இனித்ததாக இருக்கலாம். நோட்டில் இருக்கும் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. இருபது வரிக் குறிப்பிலிருந்து எனக்கு நான்கு வரிதான் கட்டுரைக்குப் போகும். அளவு, சூடு, நிமிடம் மூன்றையும் ஓர் ஓரத்தில் சேர்த்து வைத்துவிடுவேன், போட்டுப் பார்க்க விரும்புகிறவர் தேடி அலையக்கூடாது.

அபிப்பிராயம் சொல்லத் தயங்காதீர்கள். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946 ஜனவரியில் டீ போடுவதற்கு 11 விதிகள் எழுதினார். சர்க்கரை கூடாது, முதலில் டீயை ஊற்றிவிட்டுத்தான் பால் என்று அடித்துச் சொன்னார். பால் ஊற்றுவதானால் அதை முதலில் ஊற்று என்று சொல்லும் ஐ.எஸ்.ஓ. 3103 அவர் கண்ணில் பட்டிருந்தால் இன்னொரு கட்டுரை கிடைத்திருக்கும். அவருடைய விதிகளில் பாதியை நான் ஏற்கவில்லை, ஆனாலும் படிக்கச் சலிக்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறார். பாலை அப்புறம் ஊற்றினால் எவ்வளவு ஊற்றுகிறோம் என்று பார்த்துக்கொண்டே நிறுத்தலாம் என்பது அவர் வாதம். "எனக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதினால் அடுத்த வாக்கியம் "ஏனென்றால்" என்று தொடங்கட்டும்.

எழுதியதை அனுப்பும்போது இலையையும் சேர்த்து அனுப்புங்கள். இதற்கு ஈடான பயிற்சியை நான் பார்த்ததில்லை. 5 கிராம் இலை, காற்றுப் புகாத சின்ன உறை, அளவும் சூடும் நிமிடமும் எழுதிய துண்டுச் சீட்டு. உங்கள் குறிப்பைத் தனி உறையில் ஒட்டி வைத்து, அவர் தன் குறிப்பை எழுதிய பிறகு பிரிக்கச் சொல்லுங்கள். வரிசை மாறினால் அவர் உங்கள் சொல்லைத்தான் குடிப்பார்.

நானும் அக்காவும் இப்படி இதுவரை 40 டீக்கு மேல் மாற்றிக்கொண்டிருக்கிறோம். போன மாதம் ஒரு லேசான ஊலாங் அனுப்பினேன். என் குறிப்பில் "வெள்ளைப் பூ, ஈரமான இலை, முடிவில் வெண்ணெய்" என்று இருந்தது. அவளுடையதில் ஒரே வரி: "நிழலில் காயப்போட்ட துணி, இன்னும் முழுசாக் காயல." கோபம்தான் வந்தது. மறுநாள் காலை அதே இலை 5 கிராம் நிறுத்து, 90 டிகிரியில் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துவிட்டு விரலை எடுத்தேன். பூ இருந்தது. பின்னாலேயே துணியும் இருந்தது.